எச்சத்தில் வளரும் பவளம்

பவளத்தீவைச் சுற்றியுள்ள கடல் கண்ணாடிபோலத் தெளிந்து கிடக்கும். இருபது மீட்டர் ஆழத்து மணல்கூடப் படகிலிருந்து குனிந்து பார்த்தால் தெரியும். பார்ப்பவருக்கு அது அழகு. அங்கே வாழும் உயிர்களுக்கு அது பஞ்சம். நீரில் மிதக்கும் நுண்பாசிகள் பெருகினால்தான் கடல் பச்சையேறும், கலங்கும். அவை பெருகுவதற்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். வெப்பமண்டலத்து நடுக்கடலின் மேல்நீரில் இவ்விரண்டும் மிகக் குறைவு. வெயிலில் சூடேறிய மேல்நீர் இலேசாகி மேலேயே நின்றுவிடுகிறது. சத்து நிறைந்த ஆழத்துக் குளிர்நீர் அதைத் தாண்டி மேலே வருவது அரிது.

இந்தப் பஞ்ச நீரின் நடுவில்தான் உலகிலேயே உயிர் செறிந்த இடங்களில் ஒன்றான பவளப்பாறை எழுந்து நிற்கிறது. 1836 ஏப்ரலில் பீகிள் கப்பல் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளை அடைந்தபோது சார்லஸ் டார்வின் இந்தப் பாறைகளை நேரில் பார்த்தார். பவளப்பாறைகளின் அமைப்பு பற்றிய அவருடைய நூல் 1842இல் வெளிவந்தது. வறண்ட கடலில் இத்தனை செழிப்பு எப்படி வந்தது என்ற கேள்வியைப் பிற்கால அறிவியலாளர்கள் ‘டார்வின் புதிர்’ என்றே அழைக்கிறார்கள்.

புதிருக்கு ஒற்றை விடை இல்லை. பவளம் ஒரு விலங்கு. அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு சமைத்துத் தருகின்றன. அந்த விலங்கு கழிப்பது பாசிக்கு உரம். பாசி சமைப்பது விலங்குக்குச் சாப்பாடு. கடற்பஞ்சுகள் நீரில் கரைந்து வீணாகும் சத்தைப் பிடித்து மறுபடி உணவுச் சங்கிலிக்குள் சேர்க்கின்றன. சில இடங்களில் நீரோட்டம் பாறைச் சரிவில் மோதி ஆழத்து நீரை மேலே தள்ளுகிறது. இவையெல்லாம் கடலுக்குள் நடப்பவை. கடலியலாளர்கள் வெகுகாலம் கவனிக்காமல் விட்டது மேலேயிருந்து வரும் வரவு, அதாவது கடற்பறவைகளின் எச்சம்.

பூபி, ஆலா, போர்க்கப்பல் பறவை என்று பல இனங்கள் வாழ்நாளின் பெரும்பகுதியைத் திறந்த கடலின் மேலேயே கழிக்கின்றன. முதுகு கறுத்து வயிறு வெளுத்த ஒரு வகை ஆலா உண்டு. அதன் குஞ்சு பறக்கக் கற்றுத் தீவை விட்டுக் கிளம்பினால், பருவம் எய்தி முட்டையிட வரும்வரை சில ஆண்டுகள் தரையைத் தொடாமலே கடல்மேல் திரியும். இருந்தாலும் எந்தப் பறவையாலும் கடலில் முட்டையிட முடியாது. அதற்கு ஒரு தீவு வேண்டும். அந்த ஒரு தேவைக்காக லட்சக்கணக்கான பறவைகள், ஊர்ப்பேர் இல்லாத சிறு மணல் தீவுகளில் வந்து கூடுகின்றன. காலையில் கிளம்பி நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் பறக்கும் மீனையும் கணவாயையும் பிடித்து, அந்தியில் இரைப்பை நிறையத் திரும்பும் பறவை, இரவெல்லாம் கூட்டருகே அமர்ந்து எச்சமிடுகிறது. பரந்த கடலில் சிதறிக் கிடந்த சத்து, கையகல நிலத்தில் வந்து குவிகிறது.

பறவைக்கு நம்மைப்போல் தனியாகச் சிறுநீர் கிடையாது. உடலில் மிஞ்சும் நைட்ரஜனை யூரிக் அமிலமாக்கி, வெள்ளைக் களிம்பாக எச்சத்தோடு வெளியேற்றுகிறது. பறவைகள் குடியிருக்கும் தீவில் காலடி வைத்தால் முதலில் முகத்தில் அடிப்பது அமோனியா நெடி. இலை, கிளை, கல் எல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் யூரிக் அமிலத்தை உடைத்து, செடி எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. கூடவே மீன் எலும்பிலிருந்தும் செதிலிலிருந்தும் வந்த பாஸ்பரஸும் இருக்கிறது. உலகக் கடற்பறவைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் எச்சமாக இடும் நைட்ரஜன் சுமார் 5,91,000 டன், பாஸ்பரஸ் சுமார் 99,000 டன் என்று 2018இல் வெளிவந்த ஒரு கணக்கீடு சொல்கிறது.

இந்தத் தீவுகளின் தனிச்சொத்து ஒரு மரம். தமிழ்நாட்டில் வெளிர்பச்சை இலைகளோடு வீட்டு வாசலில் நிற்கும் லச்சகெட்ட கீரை மரத்தைப் பலருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அதைச் சண்டி என்பார்கள். பிசோனியா என்ற அந்த மரத்தின் காட்டு வடிவம்தான் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் உள்ள பறவைத் தீவுகளில் கூரை வேய்ந்ததுபோல் அடர்ந்து வளர்கிறது. எச்சம் குவிந்த மண்ணில் அது கொழிக்கிறது. மெத்தென்ற அதன் கிளைகளில் நோடி ஆலாக்கள் மரத்துக்கு நூற்றுக்கணக்கில் கூடு வைக்கின்றன. உதிர்ந்த இலைகளையே பொறுக்கி, எச்சத்தால் ஒட்டித்தான் கூட்டையும் அமைக்கின்றன. மரத்தின் காய்களில் கோந்துபோன்ற பசை இருக்கும். அது இறகில் ஒட்டிக்கொள்ள, பறவை போகும் தீவுக்கெல்லாம் விதையும் போகிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள ஹெரான் தீவில், காய்க்கும் பருவத்தில் அளவுக்கு மீறிக் காய்கள் ஒட்டிச் சிறகை விரிக்க முடியாமல் மரத்தடியிலேயே சாகும் நோடிகளையும் காணலாம். மரமும் பறவையும் கொண்டுள்ள உறவு அத்தனை நெருக்கமானது, சில நேரம் கொடியது.

தீவில் குவிந்த சத்து தீவிலேயே நிற்பதில்லை. பவளத்தீவின் தரை மணலும் சுண்ணாம்புத் துண்டுகளும் சேர்ந்தது, சல்லடை மாதிரி. மழை பெய்தால் எச்சம் கரைந்து நிலத்தடிக்கு இறங்கி, அங்கிருந்து கரையோரம் கடலுக்குள் கசிகிறது. ஓதத்தில் ஏறி இறங்கும் நீரும் அலையும் ஒரு பங்கை இழுத்துக்கொள்கின்றன. பறக்கும்போதே நேராகக் கடலில் விழுவதும் உண்டு.

பாறையருகே நீரில் உள்ள நைட்ரஜன் பறவையிலிருந்துதான் வந்தது என்று எப்படிச் சொல்வது? இதற்கு இயற்கையே ஒரு முத்திரை வைத்திருக்கிறது. நைட்ரஜன் அணுக்களில் பெரும்பாலானவற்றின் நிறை 14. மிகச் சிலவற்றின் நிறை 15. ஒரு உயிர் இன்னொன்றைத் தின்னும்போது உடல் இலேசான அணுக்களை அதிகமாகக் கழித்துவிட்டுக் கனமானவற்றைச் சற்றே கூடுதலாக வைத்துக்கொள்கிறது. உணவுச் சங்கிலியில் படி ஏற ஏறக் கனமான நைட்ரஜனின் விகிதம் கூடும். கடற்பறவை அந்தச் சங்கிலியின் உச்சிக்குப் பக்கத்தில் இருப்பது. அதன் எச்சத்தில் வந்த நைட்ரஜன், ஒரு செடியின் இலையிலோ ஒரு மீனின் தசையிலோ போய்ச் சேர்ந்தாலும், ஆய்வகத்தில் அளந்து கண்டுபிடித்துவிடலாம்.

இந்த அளவைகளைக் கொண்டு நடந்த ஆய்வுகளில் மிக விரிவானது சாகோஸ் தீவுக்கூட்டத்தில் நடந்தது. மாலத்தீவுக்குத் தெற்கே சுமார் 500 கிலோமீட்டர் தொலைவில், ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது சாகோஸ். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே தென்னந்தோப்பு போட்டார்கள். வேலைக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளையும், பின்னாளில் தென்னிந்தியாவிலிருந்து கூலிகளையும் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய சந்ததியை 1968க்கும் 1973க்கும் இடையில் பிரிட்டன் தீவுகளிலிருந்து வெளியேற்றியது. தியேகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைவதற்காக நடந்த கொடுமை அது. மனிதர் போனார்கள். கப்பல்களில் கூடவே வந்திறங்கிய எலிகள் தங்கிவிட்டன. ஆனால் எல்லாத் தீவுகளுக்கும் எலி போய்ச் சேரவில்லை. தோப்புக்காரர்கள் கால் வைக்காத சில தீவுகள் தப்பின.

ஒரே கடல், ஒரே வெயில், ஒரே வகை மண். சில தீவுகளில் எலி உண்டு, பக்கத்துத் தீவுகளில் இல்லை. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக் கிரகாம் குழுவினர் இந்த அமைப்பில் ஆறு எலித் தீவுகளையும் எலியில்லாத ஆறு தீவுகளையும் எடுத்து ஒப்பிட்டார்கள். முடிவு 2018இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. எலியில்லாத தீவுகளில் பறவைகளின் அடர்த்தி 760 மடங்கு அதிகம். மண்ணில் சேரும் நைட்ரஜன் 251 மடங்கு அதிகம். ஓராண்டில் ஒரு ஹெக்டேருக்கு 190 கிலோ. தமிழ்நாட்டில் நடவு நெல்லுக்கு வேளாண் துறை பரிந்துரைக்கும் அளவு ஹெக்டேருக்கு 150 கிலோ என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். எலித் தீவில் சேர்ந்ததோ ஒரு கிலோகூட இல்லை.

எலி இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதற்குக் காரணம் இந்தப் பறவைகளின் வாழ்க்கைமுறை. எலியோ பூனையோ பாம்போ இல்லாத தீவுகளில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த இனங்கள் இவை. பல தரையிலேயே முட்டையிடும். பெரும்பாலானவை ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். இரவில் வந்து முட்டையை உருட்டும் எலியைக் கண்டு என்ன செய்வதென்று அவற்றுக்குத் தெரியாது. எலி முட்டையைத் தின்னும், குஞ்சைத் தின்னும், சிறிய இனங்களில் அடைகாக்கும் தாயையும் கடித்துத் தின்னும். சில பத்தாண்டுகளில் தீவு காலியாகிவிடும். உலகின் தீவுக்கூட்டங்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தில் இன்று எலி இருக்கிறது.

சாகோஸ் ஆய்வர்கள் தரையோடு நின்றுவிடவில்லை. மண்ணிலும் புதரிலும் பார்த்த அதே கனமான நைட்ரஜனைக் கடலுக்குள் கடற்பஞ்சிலும், பாசியிலும், கரையிலிருந்து நூறு மீட்டருக்கும் அப்பால் பாறை முகட்டில் வாழும் டாம்செல் மீனின் தசையிலும் பின்தொடர்ந்தார்கள். இந்த மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் அளவு, பழுப்பு உடல், அதன்மேல் நீலப் புள்ளிகள். இது ஒரு விவசாயி. பாறையில் தனக்கென ஒரு துண்டு நிலத்தைப் பிடித்து, பாசி வளர்த்து, வேண்டாத பாசியைக் கடித்துக் களைந்து, வரப்பைத் தாண்டும் எவரையும், தன்னைவிடப் பல மடங்கு பெரிய மீனையும்கூட, பாய்ந்து விரட்டும். இதன் தலைக்குள் உள்ள காதுக்கல்லை வெட்டிப் பார்த்தால் மரத்தின் உட்புறத்தைப்போல ஆண்டு வளையங்கள் தெரியும். அவற்றை எண்ணி, மீனின் நீளத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று கணக்கிடலாம். பறவைத் தீவுகளை ஒட்டிய பாறைகளில் இந்த மீன் வேகமாக வளர்ந்திருந்தது. வயதுக்கு ஏற்ற அளவைவிடப் பெரிதாக இருந்தது.

2023இல் வந்த இன்னொரு ஆய்வு இதே மீனின் நடத்தையை எடுத்துக்கொண்டது. எலித் தீவுகளின் பக்கத்தில் உள்ள டாம்செல்கள் மிகப் பெரிய நிலப்பரப்பைப் பிடித்திருந்தன. ஆனால் அதைக் காக்க அவ்வளவாகச் சண்டையிடவில்லை. அங்கே பாசியில் சத்து குறைவு. வயிறு நிறைய நிறைய இடம் வேண்டும்; அத்தனை இடத்தையும் காவல் காப்பதற்குச் செலவாகும் உழைப்புக்கு ஈடாக விளைச்சல் கிடைப்பதில்லை. பறவைத் தீவின் பக்கத்திலோ சிறு வயல், கொழுத்த பாசி, கடுமையான காவல். மரத்தில் ஏறி முட்டை தின்னும் ஒரு விலங்கு, அதைக் கண்ணாலேயே பார்த்திராத ஒரு கடல்மீனின் குணத்தை மாற்றிவிட்டது. உயிர்களின் தொடர்பு எத்தனை தூரம் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மொத்த மீன்வளத்தையும் எடைபோட்டபோது, எலியில்லாத தீவுகளின் பாறைகளில் அது 48 சதவீதம் கூடுதலாக இருந்தது. பாசி மேயும் மீன்களின் வேலை 3.2 மடங்கு, செத்த பவளத்தைக் கொறித்துத் தின்னும் கிளிமீன்களின் வேலை 3.8 மடங்கு. இந்த இரண்டும் வெறும் எண்கள் அல்ல. பாசி பவளத்தின் போட்டியாளர். வெயில் படும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, பவளக் குஞ்சு ஒட்டி முளைக்க இடம் தராமல் செய்யும். மேயும் மீன் இருந்தால் பாறை துடைத்த தரையாக இருக்கும்.

பவளத்துக்கே நேரடியாகக் கிடைக்கும் பயன் என்ன என்பதை ஃபிஜியிலும் சாகோஸிலும் பார்த்திருக்கிறார்கள். ஃபிஜியில் செங்கால் பூபிகள் வாழும் நமேனா தீவை ஒட்டிய கடலில், மான்கொம்பு போலக் கிளைக்கும் பவளங்கள் பறவைகளின் நைட்ரஜனை எடுத்துக்கொண்டு, பறவையில்லாத இடத்தைவிட நான்கு மடங்கு வரை வேகமாக வளர்ந்தன. சாகோஸிலும் பறவைத் தீவுகளின் பக்கம் இந்தக் கிளைப்பவளங்களின் வளர்ச்சி தெளிவாகவே அதிகம்.

எச்சம் பவளத்தைச் சாவிலிருந்து காப்பாற்றுமா என்பது தனிக் கேள்வி. கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி சூடாகிப் பல வாரம் அப்படியே நின்றால், பவளம் தன்னுள் உள்ள பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகிறது. 2015–16இல் இந்தியப் பெருங்கடலைத் தாக்கிய வெப்ப அலையில் சாகோஸ் பவளங்கள் பெருமளவு மடிந்தன. அந்தச் சாவு பறவைத் தீவு, எலித் தீவு என்று பார்க்கவில்லை; இரண்டு இடத்திலும் ஒரே அளவு இழப்பு. ஆனால் அதன் பிறகு நடந்தது வேறு. பறவைத் தீவுகளின் பாறைகளில் இளஞ்சிவப்புத் தோல்போலப் படரும் சுண்ணாம்புப் பாசி கூடுதலாகப் பரவியது. அது பாறையைச் சிமெண்டுபோல் இறுக்கிப் பிடிக்கும். பவளக் குஞ்சுகள் விரும்பி ஒட்டும் இடமும் அதுவே. அங்கே கிளைப்பவளங்கள் பழைய நிலையை எட்ட எடுத்துக்கொண்ட காலம் சுமார் 10 மாதம் குறைந்தது. அடுத்தடுத்த வெப்ப அலைகளுக்கு இடையே உள்ள இடைவெளி சுருங்கி வரும் இந்தக் காலத்தில் 10 மாதம் என்பது பெரிய தொகை.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். நகரத்துச் சாக்கடையும் வயல் உரமும் கடலில் கலந்தால் பவளம் அழிகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பறவை எச்சமும் உரம்தானே? வேறுபாடு கலவையில் இருக்கிறது. வயலிலிருந்து வழிந்து வரும் நைட்ரஜன் பெரும்பாலும் நைட்ரேட் வடிவில், பாஸ்பரஸ் போதாமல், மொத்தமாக வருகிறது. பவளத்துக்குள் இருக்கும் பாசி நைட்ரஜனால் தூண்டப்பட்டுப் பெருகும், பாஸ்பரஸுக்குத் தவிக்கும், அந்தத் தவிப்பில் வெப்பத்தைத் தாங்கும் வலுவை இழக்கும். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வர்கள் 2013இல் இதை ஆய்வகத் தொட்டிகளில் காட்டினார்கள். எச்சத்தில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. நைட்ரஜனும் பவளம் எளிதில் எடுத்துக்கொள்ளும் அம்மோனிய வடிவில் இருக்கிறது. சாக்கடையோடு வரும் வண்டலும் நோய்க்கிருமியும் இதில் இல்லை. திறந்த கடலில் அலையும் நீரோட்டமும் ஓயாமல் அலசுவதால் ஓரிடத்தில் தேங்குவதும் இல்லை.

கிளிமீனுக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் தீவின் கதை அதன் வாயில் இருக்கிறது. கிளியின் அலகுபோல் ஒட்டிய பற்களால் அது பாறையைச் சுரண்டும் கறகற ஓசை நீருக்குள் மூழ்குபவர் காதில் தெளிவாக விழும். பாசியோடு சுண்ணாம்பும் வாய்க்குள் போகிறது. தொண்டையில் உள்ள இரண்டாவது பல்வரிசை அதை அம்மியில் அரைப்பதுபோல் அரைக்கிறது. வேண்டிய சத்து உடலில் தங்க, மீதி வெண்மணலாகப் பின்னால் புகைபோல் கொட்டுகிறது. மாலத்தீவின் வக்காரு தீவில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அந்தப் பாறையில் புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன் தந்தது என்று கண்டது. பவளத்தீவு என்பது பெருமளவு இந்த மணலும் பவளத் துண்டுகளும் அலையால் ஒதுக்கப்பட்டுச் சேர்ந்த மேடுதான். பறவை தீவுக்கு எச்சம் தருகிறது, எச்சம் பாறைக்குப் போய்க் கிளிமீனை வளர்க்கிறது, கிளிமீன் மணலைத் தருகிறது, மணல் தீவாகிறது, தீவில் பறவை முட்டையிடுகிறது. தான் குடியிருக்கும் நிலத்தைப் பறவை தானே உண்டாக்கிக்கொள்கிறது. கடல்மட்டம் ஏறிவரும் வேளையில், ஆளுயரம்கூட மேலெழாத இந்தத் தீவுகளுக்கு மணல் வரவு நின்றுபோனால் என்ன ஆகும் என்பது இந்தச் சுழற்சியைப் பார்த்தாலே விளங்கும்.

சுழற்சியை அறுப்பது எலி மட்டும் அல்ல. தமிழருக்குச் சொல்லக் கொஞ்சம் சங்கடமான செய்தி, தென்னையும் இதில் குற்றவாளி. ஹவாய்க்குத் தெற்கே சுமார் 1,600 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பல்மைரா தீவில், இயல்பான பிசோனியாக் காட்டையும் தென்னந்தோப்பையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வழுக்கும் தண்டும் காற்றில் வீசியாடும் மட்டையும் கொண்ட தென்னையில் பூபிக்கும் நோடிக்கும் கூடு வைக்க இடம் கிடைப்பதில்லை. தென்னைக்குக் கீழே மண்ணில் சத்து பல மடங்கு குறைவு. அந்தக் கரையோர நீரில் மிதவை உயிர்களும் குறைவு. அவற்றை வடிகட்டித் தின்ன வரும் பிரம்மாண்டமான ஆனைத்திருக்கைகளும் காட்டோரக் கடலையே நாடின. 2012இல் வெளிவந்த அந்த ஆய்வின் தலைப்பு ‘சிறகிலிருந்து சிறகுக்கு’ என்ற பொருளில் அமைந்தது; பறவையின் சிறகில் தொடங்கித் திருக்கையின் செட்டையில் முடியும் சங்கிலி அது. பல்மைராவில் இப்போது தென்னையைக் குறைத்து, பழைய மரங்களை நட்டு வருகிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேர்ந்த இழப்பும் சிறிதல்ல. வயலுக்கு உரம் தேடிய ஐரோப்பாவும் அமெரிக்காவும் எச்சத்தையே தோண்டி எடுத்தன. எச்சம் கிடைக்கும் ஆளில்லாத் தீவை எந்த அமெரிக்கக் குடிமகனும் உரிமை கொண்டாடலாம் என்று 1856இல் அமெரிக்கா சட்டமே போட்டது. பசிபிக்கின் ஹவ்லண்ட், பேக்கர், ஜார்விஸ் போன்ற பவளத்தீவுகளின் மேல்மண் இப்படி மூட்டைகளில் கப்பலேறியது.

1950க்கும் 2010க்கும் இடையில், கணக்கெடுப்பு நடந்துவந்த கடற்பறவைக் கூட்டங்களின் மொத்த எண்ணிக்கை சுமார் 70 சதவீதம் குறைந்தது. பறவை குறைந்ததைப் பறவை ஆர்வலர்கள் எண்ணினார்கள். அதோடு கூடக் குறைந்த மீனையும் பவளத்தையும் யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

தமிழருக்குப் பக்கத்துக் கடலிலும் இந்த உறவின் தடயங்கள் உண்டு. லட்சத்தீவில் கவரத்திக்கு அருகே பக்ஷிபிட்டி என்றொரு மணல் திட்டு இருக்கிறது. பரப்பு சுமார் 1.2 ஹெக்டேர். மரமில்லை, குடிநீர் இல்லை, மனிதர் குடியிருப்பில்லை. அதனாலேயே ஆலாக்கள் அங்கே ஆயிரக்கணக்கில் முட்டையிடுகின்றன. சுற்றிலும் உயிருள்ள பவளம். லட்சத்தீவு மீனவர்கள் ஆலாக் கூட்டம் கடலில் சுழன்று பாயும் இடத்தைப் பார்த்துத்தான் சூரைமீன் திரளை அறிகிறார்கள். 1995இல் பக்ஷிபிட்டி பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மனிதர் குடியிருக்கும் லட்சத்தீவுகளிலோ தென்னையும் எலியும் சேர்ந்தே இருக்கின்றன.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமும் ஆயின. கடலடிப் பாறையை இங்குள்ள மீனவர்கள் பார் என்பார்கள். இந்தக் கடலில் சாகோஸ் அளவுக்குப் பறவைக் குடியிருப்புகள் கிடையாது. கரை அருகில் இருப்பதால் சத்தும் நிலத்திலிருந்தே பெரிதும் வருகிறது. ஆனால் மணலுக்கும் பாருக்கும் உள்ள உறவை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம். சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்த பிறகு, தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள மணல் தீடைகளில் இன்றும் ஆலாக்கள் முட்டையிடுகின்றன. அதில் இலங்கைப் பகுதியை அந்நாட்டு அரசு 2015இல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கியது.

எலியை அகற்றுவது முடியாத காரியம் அல்ல. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து கலந்த உருண்டைகளைத் தீவின் ஓர் அடி நிலமும் விடாமல் தூவுகிறார்கள்; சிறு தீவில் கையால், பெரிய தீவில் ஹெலிகாப்டரிலிருந்து. ஒரு சினை எலி தப்பினாலும் உழைப்பு வீண். வெப்பமண்டலத் தீவுகளில் இன்னொரு தொல்லை, எலிக்கு வைத்ததை நண்டுகள் முந்திக்கொண்டு தின்றுவிடும். நண்டை அந்த மருந்து ஒன்றும் செய்யாது. ஆனால் எலிக்குப் போதாமல் போகும். அதற்கும் சேர்த்து அளவைக் கூட்டிப் போட வேண்டும். பல்மைராவில் 2011இல் எலி ஒழிந்தது. அங்கே எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஆசியாவிலிருந்து வந்து குடியேறியிருந்த புலிக்கொசு, ரத்தத்துக்கு எலியையே நம்பியிருந்ததால், எலியோடு சேர்ந்து அதுவும் தீவை விட்டு மறைந்தது. சாகோஸில் வாஷ் மரீன் என்ற தீவில் 2014இல் எலி அகற்றப்பட்டது.

எலி போன பிறகு கடல் திரும்புமா என்பதற்குப் பதில் தருவது மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள திரோமலின். ஒரு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள, காற்று அறையும் மொட்டைத் தீவு. 1761இல் லுத்தீல் என்ற பிரெஞ்சுக் கப்பல் அங்கே பாறையில் மோதி உடைந்தது. மாலுமிகள் ஒரு படகைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்; திரும்பி வந்து அழைத்துப்போவதாகச் சொல்லி, கப்பலில் வந்த மடகாஸ்கர் அடிமைகளைத் தீவிலேயே விட்டுப் போனார்கள். பதினைந்து ஆண்டு கழித்து, 1776இல் ஒரு கப்பல் வந்தபோது ஏழு பெண்களும் எட்டு மாதக் கைக்குழந்தையும் மட்டும் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் அத்தனை ஆண்டும் ஆலாக்களையும் ஆமைகளையும் உண்டு வாழ்ந்ததைப் பிற்கால அகழாய்வில் கிடைத்த எலும்புகள் காட்டின.

அந்த ஆலாக்களைத்தான் பின்னாளில் எலி அழித்தது. உடல் பருமனான இரண்டு பூபி இனங்கள் மட்டும் குறைந்த எண்ணிக்கையில் தாக்குப்பிடித்தன. 2005இல் பிரான்ஸ் அங்கே எலியை ஒழித்தது. பூபிகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகின. சில ஆண்டுகள் சென்றதும் சிறிய இனங்களும் வரத் தொடங்கின. அவற்றில் ஒன்று வெள்ளை ஆலா. அது கூடே கட்டாது. கிளையில் உள்ள ஒரு சிறு பள்ளத்தில் ஒற்றை முட்டையை வைத்து, அதன்மேல் அசையாமல் அமர்ந்திருக்கும். எலி உள்ள தீவில் அந்த முட்டைக்கு ஓர் இரவுகூட ஆயுள் இல்லை. எலி ஒழிந்து பதினாறு ஆண்டுக்குள் திரோமலினைச் சுற்றிய நீரில் எடுத்த பாசியிலும், அதை மேயும் மீனின் தசையிலும், பறவை கொண்டுவந்த கனமான நைட்ரஜன் மறுபடி தென்பட்டது.